இடிந்துபோன நிலையத்தை இணையக் காப்பகங்களில் தேடுதல்: நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், மரபுக் கட்டடப் பாதுகாப்பு ஆகிய மூன்று துறைகளுக்கும் இன்று இணையத்தில் கிடைக்கும் மூல ஆவணங்கள் ஏராளம். பழைய வரைபடங்கள், புகைப்படங்கள், அரசு ஆணைகள், நிலப் பதிவுகள், பொறியியல் கட்டுரைகள் எனப் பலவற்றை நூலகங்களும் நகராட்சிகளும் மின்னாக்கம் செய்து இலவசமாகத் திறந்துவைத்துள்ளன. எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்களுக்கும் குறைவில்லை. அந்த ஆவணங்களை எப்படி வாசிப்பது என்பதைக் காட்டும் எழுத்துதான் அரிது. அதனால் பட்டியலை விடுத்து ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி இணையத்தின் வழியே எவ்வளவு அறிய முடியும், எங்கே அந்த அறிவு நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். நேரில் சென்று சரிபார்க்க முடியாத நிலையில், ஆவணங்களின் வலிமையும் பலவீனமும் தெளிவாக வெளிப்படும்.

நிகழ்வின் சுருக்கம்

மன்ஹாட்டனில் ஏழாம், எட்டாம் அவென்யூக்களுக்கு நடுவே, 31-ஆம் தெருவிலிருந்து 33-ஆம் தெரு வரை பரந்திருந்த பென்சில்வேனியா நிலையம் 1910 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது பென்சில்வேனியா ரயில் நிறுவனம். வடிவமைத்தது மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் என்னும் கட்டடக்கலை நிறுவனம். திட்டத்தை முன்னின்று நடத்திய ரயில் நிறுவனத் தலைவர் அலெக்சாண்டர் கசாட் 1906-இலும், தலைமைக் கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் 1909-இலும் இறந்துபோனதால், நிலையம் முழுமையடைந்ததை இருவருமே பார்க்கவில்லை. ரோம் நகரின் காரகல்லா குளியல் மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்ட அதன் காத்திருப்புக் கூடம் ஏறத்தாழ 150 அடி உயரம் கொண்டது. அதை அடுத்து, கண்ணாடியும் எஃகும் கொண்டு கூரையிட்ட பயணிகள் கூடம், கீழே தண்டவாளங்களுக்கு இறங்கும் படிகளுடன் அமைந்திருந்தது. 1945-இல் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் அந்நிலையத்தைப் பயன்படுத்தினர்.

போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகளும் விமானங்களும் பயணிகளை ஈர்த்துக்கொள்ள, ரயில் நிறுவனத்தின் வருவாய் சரிந்தது. நிலையத்துக்கு மேலுள்ள வான்வெளியில் கட்டும் உரிமையை விற்றுவிட நிறுவனம் முடிவு செய்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் விளையாட்டரங்கையும் ஓர் அலுவலகக் கோபுரத்தையும் அங்கே எழுப்பும் திட்டம் உருவானது. 1963 அக்டோபர் 28 அன்று இடிப்பு தொடங்கி 1966 வரை நடந்தது. தண்டவாளங்களும் நடைமேடைகளும் நிலத்தடியில் அப்படியே இருக்க, மேலிருந்த கட்டடம் மட்டும் அகற்றப்பட்டது. புதிய அரங்கம் 1968 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

இவ்வளவும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். ஆய்வு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

புகைப்படங்கள்: ஒரே கூடத்தின் நான்கு முகங்கள்

தேடுபொறியில் நிலையத்தின் பெயரை இட்டால் நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே அளவில், ஒரே வரிசையில் வந்து நிற்கும். அவற்றில் எது யாரால், எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்பதைத் திரை மறைத்துவிடுகிறது. எனவே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு படத்தையும் அது சேர்ந்த தொகுப்புக்குத் திருப்பி அனுப்புவது. அதாவது, படம் எந்த நூலகத்தில் எந்தத் தொகுப்பின் உறுப்பாக இருக்கிறது என்று கண்டறிந்து, அங்குள்ள பட்டியல் குறிப்பை வாசிப்பது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படத் தொகுப்புகளில் மட்டுமே இந்நிலையம் மூன்று வேறுபட்ட நோக்கங்களில் பதிவாகியிருக்கிறது. முதலாவது, டெட்ராய்ட் பதிப்பு நிறுவனத்தின் கண்ணாடித் தகட்டுப் படங்கள். அஞ்சலட்டைகளும் சுவரில் மாட்டும் படங்களும் விற்ற நிறுவனம் அது. அதனால் புதிதாகத் திறந்த நிலையம் அவற்றில் பளிச்சென்று, நெரிசல் இல்லாமல், கம்பீரமாகக் காட்சியளிக்கிறது. பெரிய தகடுகளில் எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றின் நுணுக்கம் வியக்கத்தக்கது. நூலகம் தரும் பெரிய டிஃப் கோப்பை இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் கல் இணைப்புகள்கூடத் தெரியும். தேடல் முடிவில் வரும் சிறிய படத்தோடு நின்றுவிடுபவர்கள் இழப்பது இதைத்தான். ஆயினும் அவை விற்பனைக்கான படங்கள் என்பதை மறந்து, அக்கூடம் எப்போதும் அவ்வளவு அமைதியாக இருந்தது என்று முடிவுகட்டினால் பிழையாகிவிடும்.

இரண்டாவது, போர்க்கால அரசுத் தகவல் பிரிவுக்காக மார்ஜரி காலின்ஸ் 1942-இல் எடுத்த படங்கள். இங்கே கட்டடம் பின்னணி மட்டுமே. படை வீரர்கள், வழியனுப்ப வந்தவர்கள், பெட்டிகளின் மேல் அமர்ந்து காத்திருப்பவர்கள் எனப் படம் முழுக்க மனிதர்கள். ஒரு பொதுக் கட்டடம் எப்படிப் பயன்பட்டது, மக்கள் எங்கே நின்றார்கள், எங்கே உட்கார இடமில்லாமல் தவித்தார்கள் என்பதை அறிய விரும்பும் திட்டமிடல் மாணவருக்கு முதல் தொகுப்பைவிட இதுவே பயன் தரும்.

மூன்றாவது, அமெரிக்க வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டத்துக்காகச் செர்வின் ராபின்சன் 1962-இல் எடுத்தவை. இத்திட்டம் 1933-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை தரும் வழியாகத் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த சார்லஸ் பீட்டர்சன் முன்வைத்த யோசனையில் பிறந்தது. அளவெடுத்து வரைந்த வரைபடம், பெரிய வடிவப் புகைப்படம், எழுத்து வரலாறு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் ஆவண முறை. தொடக்க ஆண்டுகளில் அது குடியேற்றக் காலத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்த கட்டடங்களுக்கே முதலிடம் கொடுத்தது. 1910-இல் கட்டப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை அன்றைய கண்கள் வரலாறாகக் காணவில்லை. ஆகவே இடிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, கட்டடம் போவது ஏறத்தாழ உறுதியான நேரத்தில்தான் ஆவணப்படுத்துபவர் வந்து சேர்ந்தார். ராபின்சனின் படங்கள் நேர்கோட்டு ஒழுங்குடன், முகப்பையும் கூடங்களையும் நிதானமாகப் பதிவு செய்கின்றன. ஒரு வடிவமைப்பாளர் விகிதங்களைக் கற்க இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

இவற்றோடு நியூயார்க் பொது நூலகம் மின்னாக்கம் செய்துள்ள பெரெனிஸ் அபட்டின் 1930-களின் படங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். கூட்டாட்சி அரசின் கலைத் திட்டத்தின் கீழ் மாறிவரும் நகரத்தைப் பதிவு செய்த அவர், பயணிகள் கூடத்தின் எஃகு வலைப்பின்னலையே விரும்பிப் படம்பிடித்தார். காத்திருப்புக் கூடத்தின் ரோமானியத் தோற்றத்தில் மயங்கியவர்கள் கவனிக்கத் தவறிய நவீன முகத்தை அவர் கண்டுகொண்டார்.

தேதியில்லாத படங்களுக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. 1956-இல் லெஸ்டர் டிச்சி வடிவமைத்த, ஒளிரும் விதானம் கொண்ட பயணச்சீட்டுக் கவுன்டர் ஒன்று காத்திருப்புக் கூடத்தின் நடுவில் வைக்கப்பட்டது. படத்தில் அது இருந்தால் படம் அதற்குப் பிந்தையது என்பதில் ஐயமில்லை. இப்படிக் கட்டடத்திலேயே பொதிந்துள்ள காலக்குறிகளைத் தேடும் பழக்கம், பட்டியல் குறிப்பு தவறாக இருக்கும் இடங்களில் கைகொடுக்கும்.

இனி, கட்டமைப்பைப் பற்றி. நின்றிருந்த கட்டடத்தின் படங்களைவிட இடிக்கப்படும்போது எடுத்த படங்களே பொறியியலாளருக்கு அதிகம் சொல்கின்றன. ரோமானியக் கல் வளைவுபோலத் தோன்றிய கூடத்தின் மேற்கூரை உண்மையில் எஃகுச் சட்டத்தில் தொங்கிய சாந்து வேலைப்பாடு. உறை நீங்கிய நிலையில் எடுத்த படங்களில் அந்தச் சட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. இதை உறுதிசெய்ய, மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனம் தன் பணிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்ட வரைபடத் தொகுதிகளில் உள்ள தளப்படங்களையும் வெட்டுத்தோற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் என்பதால் அவை இணையக் காப்பகங்களில் முழுமையாகவே கிடைக்கின்றன. அவை நிறுவனம் உலகுக்குக் காட்ட விரும்பிய செம்மைப்படுத்திய வரைபடங்கள்; கட்டுமானத்தின்போது கொத்தனார் கையில் இருந்த வேலை வரைபடங்கள் அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலையத்துக்கு முன்பு அங்கே இருந்தவை

பென்சில்வேனியா நிலையத்தின் இடிப்பைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அந்த நிலையம் எழுவதற்காக இடிக்கப்பட்டவற்றைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. என் பார்வையில், இணைய ஆவணங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது.

தரைக்கு மேல் இரண்டு முழு நகரத் தொகுதிகளையும் (நான்கு புறமும் தெருக்கள் சூழ்ந்த நிலப்பரப்புகளையும்) அதையொட்டிய நிலங்களையும் ரயில் நிறுவனம் வாங்கி, நூற்றுக்கணக்கான கட்டடங்களை அகற்றியது. 32-ஆம் தெருவின் ஒரு பகுதியே நகர வரைபடத்திலிருந்து மறைந்தது. டெண்டர்லாய்ன் என்று அழைக்கப்பட்ட அப்பகுதியில் கறுப்பின மக்களும் புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களும் பெருமளவில் வாழ்ந்தனர். அவர்களுடைய வீடுகளை யாரும் ஆவணத் திட்டம் வைத்துப் படம் எடுக்கவில்லை. ஆனால் தீ காப்பீட்டு நிறுவனங்களுக்கு அந்த வீடுகள் தேவைப்பட்டன.

ஒரு கட்டடம் எதனால் கட்டப்பட்டது, எத்தனை மாடி, அருகில் எரியக்கூடிய பொருள் ஏதும் உண்டா என்பதைக் காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் இருந்தபடியே அறிந்துகொள்ள வரையப்பட்டவை தீ காப்பீட்டு வரைபடங்கள். நியூயார்க்கில் வில்லியம் பெர்ரிஸ் 1850-களிலேயே அத்தகைய வரைபடங்களை வெளியிட்டார். 1867-இல் தொடங்கப்பட்ட சான்பார்ன் நிறுவனம் பிற்பாடு நாடு முழுதும் அத்தொழிலில் முன்னணிக்கு வந்தது. சான்பார்ன் வரைபடங்கள் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரையப்பட்டவை. இளஞ்சிவப்பு நிறம் செங்கல்லையும், மஞ்சள் மரச்சட்டக் கட்டடத்தையும், நீலம் கல்லையும் குறிக்கும். இந்த நிறக்குறி தெரிந்தவருக்கு ஒரு தெருவின் பொருளாதார நிலையே ஒரு பார்வையில் விளங்கும். செங்கல் முகப்புக்குப் பின்னால் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டகைகள், ஒரு மனையில் முன்பின்னாக நெருக்கிக் கட்டிய குடியிருப்புகள், தொழுவங்கள் ஆகியவை அப்பகுதி எவ்வளவு நெரிசலாக வாழ்ந்தது என்பதைக் காட்டுகின்றன.

நியூயார்க் பொது நூலகம் இத்தகைய வரைபடத் தொகுதிகளை மின்னாக்கம் செய்ததோடு, பழைய வரைபடத்தை இன்றைய நிலவரைபடத்தின் மீது பொருத்திப் பார்க்கும் கருவியையும் பொதுமக்களுக்குத் திறந்தது. பழைய படத்தில் ஒரு தெருமுனையையும் இன்றைய படத்தில் அதே முனையையும் சுட்டி இணைத்துக்கொண்டே போனால், பழைய ஏடு புதிய நகரத்தின் மேல் படிந்துவிடும். மன்ஹாட்டனில் 1811-ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்த கட்டத் தெருக்கள் பெரும்பாலும் மாறாமல் இருப்பதால் இந்தப் பொருத்தம் அங்கே நம்பகமாக அமைகிறது. தெருக்கள் அடிக்கடி நகர்ந்த ஊர்களில் அதே முறை தவறான துல்லியத்தைத் தரக்கூடும். அங்கே ஆற்றங்கரை, வழிபாட்டுத் தலம் போன்ற இடம்பெயராத அடையாளங்களையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய தொகுதி அச்சிடவில்லை. மாறிய கட்டடத்தின் உருவைச் சிறு தாளில் அச்சிட்டு, பழைய ஏட்டின் மேல் ஒட்டச் செய்தன. இப்படி ஒட்டப்பட்ட ஏட்டை மின்வருடினால் கடைசி அடுக்கு மட்டுமே திரையில் தெரியும். முகப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டு ஒன்றாகவும், ஏட்டில் காணும் நிலைமை வேறோர் ஆண்டுக்குரியதாகவும் இருப்பது இதனால்தான். ஓர் ஏட்டை நம்பி ஒரு கட்டடத்தின் தேதியைச் சொல்பவர், வெவ்வேறு நூலகங்களில் உள்ள இரண்டு பிரதிகளையாவது ஒப்பிட வேண்டும்.

வரைபடம் சுவர்களைச் சொல்லும். அவற்றுக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்லாது. அதற்கு 1900-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களுக்குப் போக வேண்டும். 72 ஆண்டுகள் கடந்த பிறகு தனிநபர் விவரங்கள் பொதுப் பார்வைக்கு வரும் என்பது அமெரிக்க விதி. ஆகவே அந்தத் தாள்கள் முழுதும் இப்போது திறந்துள்ளன. தெருப் பெயர், வீட்டு எண், குடும்பத் தலைவர், இனம், பிறந்த இடம், தொழில், வீடு சொந்தமா வாடகையா, எழுதப் படிக்கத் தெரியுமா என்பன வரை கணக்கெடுப்பாளரின் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். வீட்டு எண்ணைக் காப்பீட்டு வரைபடத்தில் தேடிப் பொருத்தினால், ஒரு மஞ்சள் நிறக் கட்டத்துக்குள் எத்தனை குடும்பங்கள் இருந்தன, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியவரும். மெதுவான வேலை இது. பெயர்கள் தவறாக எழுதப்பட்டிருக்கும், கையெழுத்து புரியாது. ஆனாலும் இடிப்புக்கு முன்பிருந்த ஒரு தெருவை மனிதர்களோடு மீட்டெடுக்க இதைவிட உறுதியான வழி இல்லை.

அதே நிலத்தைப் பற்றி இன்னொரு வகை ஆவணமும் உண்டு. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம், ரயில் நிறுவனத்தின் சுரங்கப்பாதைத் திட்டம் குறித்த விரிவான கட்டுரைகளை 1910-இல் வெளியிட்டது. அவற்றில் பலவற்றைக் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். நிலையம் எழவிருந்த இடத்தைத் தயார் செய்த பணிக்கே அங்கே தனிக் கட்டுரை இருக்கிறது. தோண்டிய பாறையும் மண்ணும், தாங்குசுவர்கள், கழிவுநீர்க் குழாய்களை இடம் மாற்றியது ஆகியவற்றை அது வியக்கத்தக்க நேர்த்தியுடன் பதிவு செய்கிறது. பொறியாளருக்கு அது வேலைத்தளம், கணக்கெடுப்பாளருக்குக் குடியிருப்பு. இரண்டு ஆவணங்களையும் ஒருங்கே படிக்காதவருக்கு அந்த நிலத்தின் வரலாறு பாதிதான் கிடைக்கும்.

அனுமதியின் கோப்பு

1962 ஆகஸ்ட் 2 அன்று கட்டடக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் நிலையத்தின் முன் பதாகை ஏந்தி நின்றனர். அவர்களுள் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனும் இருந்தனர். அந்தப் படங்கள் பரவலாக அறியப்பட்டவை. எனினும் நிலையத்தின் விதி தெருவில் முடிவாகவில்லை. அது முடிவான இடம் ஓர் அனுமதிக் கோப்பு.

எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் நகரத்தின் மண்டல விதிகள், 2,500 இருக்கைகளுக்கு மேற்பட்ட அரங்கத்துக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றன. ஆகவே நகரத் திட்ட ஆணையம் 1963 ஜனவரியில் விசாரணை நடத்தியது. போக்குவரத்து நெரிசல், மக்கள் வந்து போகும் வழிகள், சுற்றுப்புறத்துடன் அரங்கம் பொருந்துமா என்பவைதாம் அதன் முன் இருந்த கேள்விகள். இடிக்கப்படவிருக்கும் கட்டடத்தின் மதிப்பைப் பற்றிப் பலர் பேசியும், அது தன் அதிகார வரம்புக்குள் வராது என்று ஆணையம் கருதியது; அனுமதி வழங்கப்பட்டது. தனியார் நிலத்தில் நிற்கும் தனியார் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்க அன்றைய நகரச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆணையத்தின் பழைய அறிக்கைகளை நகரத் திட்டமிடல் துறை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அழகற்ற தட்டச்சுப் பக்கங்கள் அவை. ஒரு படம்கூடக் கண்ணைக் கவராது. ஆயினும் நகரத் திட்டமிடலைக் கற்பவர் முதலில் படிக்க வேண்டியவை இவையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். என்னென்ன கேள்விகள் கேட்கப்பட்டன என்பதோடு, எந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதும் அங்கேதான் தெரியும். புகைப்படத் தொகுப்பை மட்டும் பார்த்தவர் பேராசையால் ஒரு கட்டடம் அழிந்தது என்று முடிப்பார். கோப்பைப் பார்த்தவருக்கோ, பேராசை இல்லாத அதிகாரிகள்கூட வேறு முடிவை எடுக்க வழியில்லாமல் விதிகள் அமைந்திருந்தது புரியும். திருத்த வேண்டியது எது என்பதை இரண்டாவது புரிதலே காட்டுகிறது.

அந்தச் சிறப்பு அனுமதி 50 ஆண்டுகளுக்கு உரியது. 2013-இல் அது முடிந்தபோது நகர மன்றம் 10 ஆண்டுகளுக்கும், 2023-இல் மேலும் 5 ஆண்டுகளுக்கும் மட்டுமே நீட்டித்தது. நீட்டிப்பு விண்ணப்பங்கள், அவற்றின் மீதான அறிக்கைகள், பொது விசாரணைப் பதிவுகள் ஆகியவை நகர அரசின் தளங்களில் உள்ளன. 1963-ஆம் ஆண்டு அறிக்கையையும் இவற்றையும் அடுத்தடுத்து வாசித்தால், ஒரே மனையைக் குறித்து நகரம் கேட்கும் கேள்விகள் அரை நூற்றாண்டில் எப்படி மாறின என்பது விளங்கும்.

சட்டம் பிறந்த வரிசை

நிலையம் இடிந்தது, மக்கள் கொதித்தனர், பாதுகாப்புச் சட்டம் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மூல ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால் கதை அவ்வளவு நேராக ஓடவில்லை. அழகியல், வரலாற்று மதிப்புக் கருதிக் கட்டடங்களைக் காக்கும் விதிகளை நகரங்கள் இயற்றலாம் என்று நியூயார்க் மாநிலம் 1956-இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அதன் பின்னால் ஆல்பர்ட் பார்ட் என்னும் வழக்கறிஞரின் நெடுங்கால உழைப்பு இருந்தது. மேயர் ராபர்ட் வாக்னர் 1961-இல் ஒரு குழுவை அமைத்தார். 1962-இல் அது அதிகாரமற்ற ஆணையமாக உருக்கொண்டது. நிலையம் இடியத் தொடங்கியபோது அந்த ஆணையம் ஏற்கெனவே இருந்தது; தடுக்கும் வலிமைதான் அதற்கு இல்லை. 1965 பிப்ரவரியில் ஐந்தாம் அவென்யூவின் புரோக்கா மாளிகையின் இடிப்பு ஒரு வார இறுதியில் தொடங்கியது. அது எழுப்பிய எதிர்ப்பும் சேர்ந்துதான் அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று வாக்னர் சட்டத்தில் கையொப்பமிடும் நிலையை உருவாக்கியது. ஒரு கட்டடத்தின் அழிவு மட்டும் சட்டத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த வேலைக்கு அது வலுச்சேர்த்தது. பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருப்போருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பெரிய இழப்புக்காகக் காத்திருக்காமல் சட்ட வேலையைத் தொடங்கியவர்கள் இருந்ததால்தான் இழப்பு வந்தபோது அதைப் பயன்படுத்த முடிந்தது.

சட்டம் உருவாக்கிய ஆணையம் இன்று 37,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் இடங்களையும் தன் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. பெரும்பாலானவை வரலாற்று வட்டாரங்களுக்குள் அடங்கியவை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் அறிக்கை உண்டு. எல்லாம் பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. தொடக்க கால அறிக்கைகள் ஓரிரு பக்கங்களே. பின்னர் வந்தவை கட்டடத்தின் உரிமையாளர், கட்டுநர், மாற்றங்கள் ஆகியவற்றை அடிக்குறிப்புகளுடன் சொல்லும் முழு ஆய்வுகளாகவே வளர்ந்துவிட்டன. நீதிமன்றங்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு அறிக்கைகள் கனம் பெற்றன என்பது என் அனுமானம். அந்தக் கேள்விகளுள் மிகப் பெரியது கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைப் பற்றியது. 1967-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் மேல் மார்செல் புரூயர் வடிவமைத்த கோபுரத்தைக் கட்ட அனுமதி மறுக்கப்பட்டது. அந்நிலையத்தின் உரிமையாளரான ரயில் நிறுவனம் தொடுத்த வழக்கு 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்ற தீர்ப்பில் நகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. பயன்படுத்தாத கட்டட உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள இருந்த வாய்ப்பும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் கொள்ளப்பட்டது. தீர்ப்பின் முழுவாசகம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். நகரத் திட்டமிடலும் பாதுகாப்பும் சந்திக்கும் இடத்தை அறிய அதைவிடச் சுருக்கமான பாடம் வேறில்லை.

தரவுத்தளங்களை எந்த அளவுக்கு நம்பலாம்

1939 முதல் 1941 வரை நியூயார்க்கின் வரித்துறை, கூட்டாட்சி அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஆட்களைக் கொண்டு ஐந்து பெருநகரப் பகுதிகளிலும் உள்ள கட்டடங்களைப் படமெடுத்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நகராட்சிக் காப்பகம் 2018-இல் இணையத்தில் ஏற்றியது. ஒவ்வொன்றிலும் தொகுதி எண்ணும் மனை எண்ணும் எழுதிய பலகை தெரியும். சொத்து மதிப்பிடுவதற்கான படங்கள் என்பதால், அழகான கட்டடம், அழகற்ற கட்டடம் என்ற வேறுபாடே அவற்றில் இல்லை. இந்தச் சமநோக்கு வேறெந்தத் தொகுப்பிலும் அரிது. தேடும்போது முகவரியைவிடத் தொகுதி எண்ணைப் பயன்படுத்துவது நல்லது. முகவரிகள் மாறும், தொகுதி எண்கள் எளிதில் மாறா.

அதே எண்கள்தாம் இன்றைய நிலப் பயன்பாட்டுத் தரவுத்தளத்துக்கும் திறவுகோல். நகரத் திட்டமிடல் துறை ஒரு காலத்தில் விலைக்கு விற்ற அந்தத் தரவு 2013 முதல் இலவசம். மனையின் பரப்பு, மண்டல வகை, அனுமதிக்கப்பட்ட கட்டடப் பரப்பு, இப்போதுள்ள கட்டடப் பரப்பு ஆகியவற்றுக்கு அது மிகச் சிறந்தது. எந்தப் பழைய கட்டடம் இடிப்புக்கு ஆளாகக்கூடும் என்பதை முன்கூட்டி ஊகிக்கவும் உதவும். ஏனெனில் அனுமதிக்கப்பட்டதைவிட மிகக் குறைவாகக் கட்டப்பட்ட மனையில்தான் இடிக்கும் ஆசை எழும். ஆனால் கட்டிய ஆண்டு என்ற பத்தியை அப்படியே எடுத்தாளக் கூடாது. 1900, 1910, 1920 என்ற முழு எண்கள் அங்கே அளவுக்கு மீறி வருகின்றன. அவை வரி மதிப்பீட்டாளரின் உத்தேசங்கள். கட்டட அனுமதிப் பதிவிலோ காப்பீட்டு வரைபடத்திலோ உறுதிசெய்யாமல் அந்த ஆண்டைக் கட்டுரையில் எழுதினால், அடுத்தவர் அதை மேற்கோள் காட்ட, உத்தேசம் உண்மையாக உறைந்துவிடும்.

திரைக்கு வராதவை

மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனத்தின் கட்டடக்கலைப் பதிவுகள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. அத்தகைய பெருந்தொகுப்புகளில் ஒரு பகுதியே மின்னாக்கம் பெறுவது வழக்கம். மற்றவற்றுக்குத் தேடல் கையேடு மட்டும் இணையத்தில் இருக்கும். பெட்டி எண், கோப்பின் பெயர், ஆண்டு என வறண்ட வரிகளைக் கொண்ட அந்தக் கையேட்டைப் பலர் பார்த்தவுடன் மூடிவிடுகிறார்கள். அதையே கடைசிவரை வாசிப்பவர், தம் கேள்விக்கான விடை இருக்கக்கூடிய பெட்டியைக் குறிப்பிட்டுக் காப்பகருக்குக் கடிதம் எழுத முடியும். பல காப்பகங்கள் கட்டணத்துக்குப் படியெடுத்து அனுப்புகின்றன. கட்டடக்கலை இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்தில் உருவான இதழ்க் கட்டுரை அட்டவணை, கட்டுரை எங்கே வந்தது என்று சொல்லும். கட்டுரையைத் தனியே தேட வேண்டும்.

இந்த ஆய்வைத் தமக்கு வேண்டிய வேறொரு கட்டடத்துக்குச் செய்ய விரும்புவோர், கட்டடத்தின் பெயரிலிருந்து தொடங்காமல் மனையிலிருந்து தொடங்குவது நல்லது. பெயர் கொண்டு தேடினால் அந்தப் பெயரைப் பெற்ற பிறகான காலம் மட்டுமே கிடைக்கும். மனை எண், பழைய தெருப் பெயர், நில அளவைக் குறி ஆகியவற்றைக் கொண்டு தேடினால் அதற்கு முன்பும் பின்பும் அங்கே நின்றவை அனைத்தும் கிடைக்கும். கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத்தின் ஓரத்திலும் அதை உருவாக்கியவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், அவருக்கு அதிலிருந்து என்ன தெரிய வேண்டியிருந்தது என்ற மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். நிலைய மனையைப் பொறுத்தவரை அஞ்சலட்டை வியாபாரி, காப்பீட்டு முகவர், கணக்கெடுப்பாளர், பொறியாளர், வரித்துறை, திட்ட ஆணையம் என அந்தப் பட்டியல் நீண்டது. அவர்களுள் யாருக்கும் ஒரு வரலாற்று ஆய்வாளருக்காக எழுதும் எண்ணம் இருக்கவில்லை. 1962-இல் பெரிய வடிவக் கேமராவுடன் வந்த புகைப்படக்காரர் ஒருவரைத் தவிர.